முறை வைத்து வெட்டும் காடு

பந்தாய் ரெமிஸ் பக்கம் மீன் வாங்கப் போகும் சித்தியவான்காரர்கள் பலர், ஒரு பெரிய காட்டின் வாசல் வரை போய்விட்டுத் திரும்புகிறார்கள். பாகான் பாஞ்சோரை ஒட்டித் தொடங்கும் அந்தக் காடு, கடலோரமாகவே வடக்கே ஏறி, கோலா செபெத்தாங்கைத் தாண்டி, கோலா குலா வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மஞ்சோங், லாருட் மாத்தாங், கிரியான் என்று மூன்று மாவட்டங்களில் கால் வைத்திருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். தோட்டக் கணக்கில் சொன்னால் ஒரு லட்சம் ஏக்கர். பெயர் மாத்தாங் அலையாத்தி வனக் காப்பகம். நம் ஆட்கள் வாயில் பாக்காவ் காடு.

உலகத்திலேயே சிறப்பாகப் பராமரிக்கப்படும் அலையாத்திக் காடு என்று வனவியல் படித்தவர்கள் இதைச் சொல்வார்கள். கேட்டதும், வேலி போட்டு, ஆள் நுழையாமல் காத்துவந்த காடு என்று தோன்றும். நடந்ததோ நேர்மாறு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி அல்ல. ஒரு துண்டை எடுத்தால் அதை மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 ஹெக்டர் அப்படித்தான் விழுகிறது. ஆனாலும் காடு இருக்கிறது.

அது எப்படி என்பதற்கான விடையில், பேராக் மலைக்காடுகளில் ஏன் அப்படி நடக்கவில்லை என்பதற்கான விடையும் இருக்கிறது.

ஈயமும் ரயிலும் தின்ற விறகு

கதை தைப்பிங்கில் தொடங்குகிறது. லாருட் ஈயச் சுரங்கங்களுக்கும் உருக்கு உலைகளுக்கும் விறகு வேண்டும். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் விட்டார்கள். மலாயாவின் முதல் ரயில் பாதை அது. நீளம் 13 கிலோமீட்டர்தான். பாதை போட்டவர்களில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட பயனியர் படைப் பிரிவுகளின் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் ஆகிவிட்டது. தண்டவாளம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ஊருக்கு நடுவில் நிற்கிறது: ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில். சுற்றுலா வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தமிழ் எழுத்து யாருக்காக அங்கே எழுதப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு.

ரயிலும் விறகில் ஓடிய காலம் அது. சுரங்கம், ரயில், ஊர் அடுப்பு மூன்றும் சேர்ந்து கடலோரக் காட்டைத் தின்னத் தொடங்கின. இதே வேகத்தில் போனால் விறகு தீர்ந்துவிடும் என்ற பயம் அரசுக்கு வந்தது. இயற்கை மேல் பிறந்த பாசம் என்று எண்ண வேண்டாம், எல்லாம் விறகுக் கணக்குதான். 1902இலிருந்து மாத்தாங் துண்டு துண்டாகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1904இல் முதல் வேலைத் திட்டம் எழுதப்பட்டது. 1950இலிருந்து பத்தாண்டுக்கு ஒரு திட்டம் என்ற ஒழுங்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரி போனார், மலாய்க்கார அதிகாரி வந்தார், அவசர காலம் வந்தது, சுதந்திரம் வந்தது. திட்டம் எழுதுவது மட்டும் நிற்கவில்லை. எந்தத் துண்டு எந்த ஆண்டு வெட்டப்படும், யாருக்குப் போகும், வெட்டிய பின் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். பால்மரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் சீவி, பட்டை ஆறட்டும் என்று விட்டுவைத்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே பிடிபடும். இங்கே பட்டைக்குப் பதில் காடு. ஒரு நாளுக்குப் பதில் முப்பது ஆண்டு.

கோலும் சூளையும்

முப்பது ஆண்டில் ஒரு துண்டுக் காட்டுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வெட்டி முடித்த இடம் பார்க்கச் சகிக்காது. சேறும் கிளைக் குப்பையும் கிடக்கும். ஆற்றங்கரையில் மூன்று மீட்டர் அகலத்துக்கு மட்டும் மரங்களை விட்டுவைப்பார்கள், கரை இடியாமல் இருக்க. குப்பை மட்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வன இலாகா ஆட்கள் வந்து எவ்வளவு கன்று தானாக முளைத்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். பாக்காவ் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்துவிடும். பச்சை நிறத்தில் நீண்ட கோல் போலத் தொங்கி, விழும்போது சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். தவறினால் ஓதத்தோடு மிதந்து போய் வேறோர் இடத்தில் வேர் விடும். கன்று போதாத இடத்தில் அதே கோல்களைப் பொறுக்கி வந்து, பாக்காவ் மின்யாக் என்றால் 1.2 மீட்டர், பாக்காவ் குராப் என்றால் 1.8 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். பியாய் என்ற சதுப்புநிலப் பெரணி படர்ந்துவிட்டால் ஒன்றும் முளைக்காது. முதலில் அதை அழிக்க வேண்டும்.

பதினைந்து ஆண்டில் காடு நெருங்கிப்போகும். அப்போது முதல் கலைப்பு. வெட்டுபவர் கையில் 1.2 மீட்டர் நீளக் கோல் ஒன்று இருக்கும். நேராக வளர்ந்த நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதை நடுவாக வைத்துக் கோலைச் சுற்றுவார். அந்த வட்டத்துக்குள் நிற்கும் மற்ற மரங்கள் விழும், நடுமரம் நிற்கும். இருபதாவது ஆண்டையொட்டி இரண்டாவது கலைப்புக்கு 1.8 மீட்டர் கோல். அவ்வளவுதான் கருவி. ஆனால் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் இதுதான் இடம்: கலைப்பில் விழும் கம்புதான் குத்தகைக்காரருக்குக் காசு, நல்ல மரத்தை நிற்கவிட்டு நோஞ்சானை எடுத்துப்போக அவருக்கு மனம் வருமா? கோலைச் சுற்றும்போது பக்கத்தில் வன இலாகா ஆள் நிற்கிறாரா என்பதில்தான் முப்பது ஆண்டுத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

கலைத்து எடுத்த கம்பு எங்கே போகிறது? கடலோர ஊர்களில் இளகிய மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்துக்குப் பாக்காவ் கம்பு இறக்குவது நெடுநாள் வழக்கம். நீர்மட்டத்துக்குக் கீழே, காற்றுப் படாத சேற்றில் நின்றால் அது எளிதில் மட்காது. நம் பக்கத்துத் தாமான் வீடுகள் சிலவற்றின் கீழே அந்தக் காடு தலைகீழாக நின்றுகொண்டிருக்கலாம்.

முப்பதாவது ஆண்டு கடைசி வெட்டு. இந்த மரம் கரிக்குப் போகிறது. பச்சைப் பாக்காவ் தண்ணீரைவிடக் கனமானது, மிதக்காது. மற்ற மரங்களைப் போல ஆற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வர முடியாது. 1.6 மீட்டர் துண்டுகளாக அறுத்து, படகில் அடுக்கி, ஓதம் ஏறும் நேரம் பார்த்து வாய்க்கால் வழியாகச் சூளை வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். பட்டையைக் கையால் தட்டி உரிக்கிறார்கள்.

கோலா செபெத்தாங் சூளைகளைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். செங்கலும் களிமண்ணும் கொண்டு கட்டிய வெள்ளைக் குமிழ்கள், அத்தாப்புக் கூரைக்கு அடியில் வரிசையாக. சயாமிலிருந்து வந்த இந்த வகைச் சூளை 1930களில் இங்கே பரவியது. உள்ளே குனிந்து நுழைந்தால் கண் இருட்டும். கூரை தலைக்கு மேலே வளைந்து போகும். ஒரு சூளைக்கு ஏறத்தாழ 40 டன் பச்சை மரம் பிடிக்கும். கட்டைகளைப் படுக்க வைப்பதில்லை; அடியில் களிமண் துண்டு கொடுத்துச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள், ஈரம் கீழிறங்கட்டும் என்று. வாசலை அடைத்து, சின்னத் துளை மட்டும் விட்டு, வெளியிலிருந்து நெருப்பு மூட்டுகிறார்கள். நெருப்பு மரத்தைத் தொடாது, சூடுதான் தொடும். முதல் பத்து நாள் பெருந்தீ, பிறகு பன்னிரண்டு, பதினான்கு நாள் சிறுதீ, பிறகு எல்லாத் துளையையும் மூடி ஒரு வாரத்துக்கு மேல் ஆறவிடுதல். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. சூளைக்காரர் புகைத்துளைப் பக்கம் நின்று மோந்து பார்க்கிறார். ஈர வாடை போய், புளித்த காரம் மாறி, வறண்ட வாடை வந்தால் மரத்தில் தண்ணீர் இல்லை என்று பொருள். ஒரு நாள் முந்தினால் அரைவேக்காட்டுக் கட்டை, ஒரு நாள் பிந்தினால் சாம்பல். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பத்து டன் அளவில் கரி இருக்கும். தட்டினால் கண்ணாடி போல ஒலிக்கும் நல்ல ரகம் ஜப்பான் வரை போகிறது. மிச்சம் நம்மூர் சாத்தே கடைகளுக்கு.

இங்கே கவனிக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. வெட்டும் இடத்தை அதிக விலை கேட்பவருக்கு ஏலத்தில் விடுவதில்லை. ஒருவர் எத்தனை சூளை வைத்திருக்கிறாரோ அந்தக் கணக்குக்குக் காடு ஒதுக்குகிறார்கள். சூளை எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு, காடு தாங்கும் அளவுக்குத்தான். செங்கல் சூளையைத் தூக்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்கு ஓட முடியாது. இந்த ஆண்டு காட்டைக் கெடுத்தால் சூளை பின்னால் காலியாகக் கிடக்கும் என்று சூளை முதலாளியான தவுக்கேக்குத் தெரியும். அவர் மகனுக்கும் தெரியும். மாத்தாங்கைக் காத்தது சட்டத்தைவிட இந்தப் பிணைப்புதான் என்பேன்.

புகழின் மறுபக்கம்

பாராட்டு மாலைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மாத்தாங் இன்று பெரும்பாலும் ஒரே இன மரம் நிற்கும் காடு. பாக்காவ் மின்யாக்தான் கரிக்கு நல்லது, அதனால் அதுவே நடப்படுகிறது. முப்பது வயதுக்கு மேல் மரத்தைப் பெரும்பாலும் வாழவிடாத காட்டில் முதிய மரம் ஏது, பொந்து ஏது, உயரத்தில் கூடு கட்டும் பெரிய கொக்குக்கும் நாரைக்கும் கிளை ஏது? காடு உண்மையிலேயே முன்போல மீண்டு வளர்கிறதா என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு தலைப்பிலேயே கேள்வி எழுப்பியது. இன்னொன்று: இந்தச் சேற்றுக்கு வெளியே கேராங் சிப்பி வளர்க்கிறார்கள், இறாலும் மீன் குஞ்சும் அலையாத்தி வேர்களுக்கு இடையில்தான் வளர்கின்றன. பந்தாய் ரெமிஸ் மீன் சந்தையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கரியைவிட மீனுக்குத்தான் இந்தக் காடு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஆனால் வேலைத் திட்டம் எழுதப்பட்டது விறகுக்காக. மீனவர் அதில் பின்னால் வந்து சேர்ந்தவர்.

மாத்தாங்கைப் பார்த்து எல்லா இடத்திலும் இப்படிச் செய்யலாம் என்று கிளம்புவதும் ஆபத்து. தமிழ்நாட்டில் சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இதே போலத் துண்டு துண்டாக மொட்டை வெட்டுதான் நடந்தது, 1970கள் வரை. அங்கே காடு திரும்பி வரவில்லை. பேராக் கரையில் ஓதம் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது, ஆண்டு முழுக்க மழை. பிச்சாவரத்தில் ஓதம் சிறியது, வெயில் நீண்டது. மரம் போனதும் வெட்டவெளியான சேறு காய்ந்து அமுங்கிக் குழியானது, குழியில் நின்ற உப்புத் தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி எந்தக் கன்றையும் வரவிடவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்துபோக வழிசெய்த பிறகுதான் அங்கே பச்சை திரும்பியது. ஒரே விதி, இரண்டு மண், இரண்டு முடிவு.

மலைக்குப் போனால்

இனி மலைக்காடு. பேராக்கில் நிரந்தர வனக் காப்பகம் ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டர், மாநிலத்தின் பாதிக்குக் கிட்டத்தட்ட. மாத்தாங் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மிச்சம் பெரும்பாலும் தித்திவாங்சா பக்கமும் கிரிக் பக்கமும் இருக்கும் மலைகள். அதே வன இலாகா, அதே 1984 தேசிய வனச் சட்டம்.

நிரந்தரம் என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. காப்பகம் என்றால் வெட்டக் கூடாத இடம் என்று அர்த்தமில்லை. அதில் ஒரு பகுதி மரம் எடுப்பதற்கென்றே வகைப்படுத்தப்பட்டது. மாநில அரசு விரும்பினால் ஒரு துண்டைக் காப்பகப் பட்டியலிலிருந்தே நீக்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். வருமான வரி, சுங்க வரி எல்லாம் புத்ராஜெயாவுக்குப் போய்விடும். மாநிலத்துக்கு மிச்சமிருப்பது நிலமும் மரமும் கனிமமும்தான். ஹெக்டருக்கு இவ்வளவு பிரீமியம், கன மீட்டருக்கு இவ்வளவு ராயல்டி. மந்திரி பெசார் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் கண் போகும் இடம் மலைதான். காட்டுக்குச் சொந்தக்காரரும் காட்டை விற்பவரும் காட்டைக் காக்க வேண்டியவரும் ஒரே ஆள்.

விதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. 1948இல் வந்த மலாயன் ஒருசீர் முறை, 45 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த மரங்களை ஒரே வெட்டில் எடுத்துவிட்டு, கீழே நிற்கும் கன்றுகள் எழுபது ஆண்டில் வளரட்டும் என்று விட்டது. சமவெளிக் காட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கன்று வளர்ந்து வருவதற்குள் அந்தச் சமவெளியே ரப்பருக்கும் செம்பனைக்கும் ஃபெல்டாவுக்கும் போய்ச் சேர்ந்தது. காடு மலைக்கு ஒதுங்கியது. 1978இல் தேர்ந்து வெட்டும் முறை வந்தது: முதலில் கணக்கெடுப்பு, பிறகு மெராந்தி குடும்பத்து மரம் 50 சென்டிமீட்டருக்குக் குறையாமல், மற்றவை 45க்குக் குறையாமல் இருந்தால் வெட்டலாம், ஹெக்டருக்கு 32 நடுத்தர மரங்களாவது நிற்க வேண்டும், முப்பது ஆண்டு கழித்துத் திரும்ப வரலாம்.

இங்கேயும் முப்பதுதான். ஆனால் பாக்காவ் ஆண்டுதோறும் காய்க்கிறது. மெராந்தி, பாலாவ், செங்கால் குடும்பம் அப்படியில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். அந்த முறை தாய்மரம் நிற்கவில்லை என்றால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. சேற்றில் படகு போகும், மண் அப்படியே இருக்கும். மலையில் டிராக்டர் பாதை போட்டால் ஒவ்வொரு மழைக்கும் சரிவு கழுவிக்கொண்டு ஆற்றுக்கு வரும். எல்லாவற்றையும்விட, மலைக்காட்டு ஒப்பந்தக்காரருக்குச் சூளை கிடையாது. லோரியும் டிராக்டரும்தான் அவருடைய முதலீடு. இரண்டுக்கும் சக்கரம் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்து இதே மலைக்கு வர வேண்டியவர் அவரல்ல.

விதிவிலக்கும் பேராக்கிலேயே இருந்தது. தெமெங்கோர் மலைக்காட்டில் மரம் எடுத்த பேராக் ஒருங்கிணைந்த மரத்தொழில் நிறுவனம் 2002இல் காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்.எஸ்.சி. சான்றிதழ் பெற்றது, தீபகற்ப மலேசியாவின் இயற்கைக் காட்டுக்குக் கிடைத்த முதல் சான்று அது. வடக்கே பெலூமில் 117,500 ஹெக்டர் 2007இல் அரச பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தெற்கே தெமெங்கோர் அறிவிக்கப்படவில்லை. 2019இல் கிரிக் பக்கம் ஓராங் அஸ்லிகளான தெமியார் மக்கள் தங்கள் பூர்வீக நிலத்தில் மரம் வெட்டுவதை எதிர்த்துச் சாலையில் மறியல் செய்தார்கள். வேலைத் திட்டத்தில் காட்டுக்குள் வாழ்பவருக்கு இடம் இல்லாமல் போனால் இப்படித்தான் முடியும்.

இன்னொரு வேடிக்கை நம் மக்களுக்கு மட்டும் புரியும். நம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், தோட்ட மக்கள் தாமானுக்கும் தரிசுக்கும் சிதறினார்கள். ஒரு காலத்தில் விறகாக எரிந்த அந்தப் பால்மரம், போரான் மருந்தேற்றும் முறை வந்த பிறகு மேசை நாற்காலிக்கு முதல்தர மரமாகிவிட்டது. 2006இல் கூட்டரசு சலுகைக் கடன் கொடுத்துக் காட்டுத் தோட்டத் திட்டம் தொடங்கியபோது முக்கியமாக ஊக்குவித்த மரங்களில் ஒன்று, பாலும் மரமும் தரும் ரப்பர் ரகம். தோட்டத்திலிருந்து போன ரப்பர் வனக் காப்பகத்துக்குள் நுழைந்தது. அதற்கு இடம் கொடுக்க இயற்கைக் காடு விழுந்தது. ரப்பரைத் தோட்டத்திலேயே வைத்திருந்தால் மரமும் கிடைத்திருக்கும், நம் ஆட்களின் லயங்களும் நின்றிருக்கும் என்று ஒரு பழைய கிராணியிடம் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும்.

சித்தியவானுக்குப் பக்கத்தில்

நமக்கு மிக அருகில் நிற்கும் ஒரு மரத்தையும் சொல்லியாக வேண்டும். பாலாவ் புத்தே வகையில் ஒன்று. தாவரவியல் பெயர் ஷோரியா லூமுட்டென்சிஸ். லூமுட்டின் பெயரையே சுமக்கும் இந்த மரம் உலகத்தில் பேராக்கில் மட்டும், அதுவும் செகாரி மெலிந்தாங், லூமுட், பங்கோர் போன்ற கடலோரக் காப்பகங்களில் மட்டும் வளர்கிறது. அழியும் விளிம்பில் இருக்கிறது. பங்கோருக்குக் கப்பல் ஏறும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் நிழலைத் தாண்டித்தான் போகிறார்கள். இது போன்ற மரத்துக்கு முப்பது ஆண்டுக் கணக்கு செல்லாது. வெட்டாமல் விடுவது ஒன்றே மேலாண்மை.

அதே கரையில் மஞ்சோங் மின் நிலையம் 2003இலிருந்து வெளிநாட்டு நிலக்கரியை எரிக்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் மாத்தாங்கில் அடுப்புக்கரி சுடுகிறார்கள். இரண்டில் ஒன்றின் மூலப்பொருள் முப்பது ஆண்டில் திரும்ப வளரும். சூளையை மாசு என்று பேசும் நகரத்து நண்பர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

சட்டம் இப்போது கொஞ்சம் இறுகியிருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட வனச் சட்டம், காப்பகத்திலிருந்து ஒரு துண்டை நீக்குவதற்கு முன் பொது விசாரணை வேண்டும் என்றும், நீக்கிய அளவுக்கு மாற்று நிலத்தைக் காப்பகமாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பு ‘இயன்றவரை’ என்றிருந்த இடம் இப்போது கட்டாயம். ஆனால் காடு மாநிலத்தின் அதிகாரம் என்பதால், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் அதைத் தனியாக ஏற்று அமல்படுத்த வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர் தீபாவளி விருந்துக்கு வரும்போது கோயில் மானியம், பள்ளி மானியத்தோடு இதையும் கேட்கலாம். விசாரணை அறிவிப்பு வந்தால் போய் உட்காரலாம். மீனவருக்கும் ஓராங் அஸ்லிக்கும் மட்டும் அது பொது விசாரணை இல்லை.

மாத்தாங்கின் இப்போதைய பத்தாண்டுத் திட்டம் 2029இல் முடிகிறது. அடுத்ததை எழுதும் மேசையில் பந்தாய் ரெமிஸ், பாகான் பாஞ்சோர் மீனவர் உட்கார வேண்டும். சில துண்டுகளை முப்பது தாண்டி ஐம்பது, அறுபது வயது வரை நிற்கவிட வேண்டும், நாரைக்காக. அந்தத் துண்டுகளைக் கழித்துவிட்டு, மிச்சக் காட்டுக்கு எத்தனை சூளை என்று கணக்குப் போட வேண்டும். இது வரை வெட்டக்கூடிய காடு முழுவதையும் சூளைக்குக் கணக்குப் போட்டு, மிச்சத்தைத்தான் நாரைக்கு விட்டிருக்கிறார்கள். வரிசையை மாற்றி எழுத இன்னும் நேரம் இருக்கிறது.